ஓடிய தறிக்கே தேய்மானம்

கொல்கத்தாவை ஒட்டி ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் சணல் ஆலைகள் பல உள்ளன; முதலாவது ஆலை 1855இல் ரிஷ்ராவில் தொடங்கப்பட்டது. சணல் வரத்தும் சாக்குத் தேவையும் ஏறி இறங்குவதால், தறிகள் எல்லா ஆண்டும் ஒரே அளவில் ஓடுவதில்லை. தேய்மானத்தை மட்டும் ஆண்டுதோறும் சமமாக எழுதுவது பொருந்துமா?

ஒரு தறியின் விலை 12,00,000 ரூபாய், இறுதியில் எஞ்சும் மதிப்பு 60,000 ரூபாய், ஆயுள் முழுவதும் அது நெய்யக்கூடிய துணி 19,00,000 மீட்டர் எனக் கொள்வோம். 11,40,000 ரூபாயை 19,00,000ஆல் வகுத்தால் மீட்டருக்கு 60 காசு. 1,50,000 மீட்டர் நெய்த ஆண்டில் தேய்மானம் 90,000 ரூபாய். 60,000 மீட்டரே நெய்த ஆண்டில் 36,000 ரூபாய். இதுவே உற்பத்தி அலகு முறை. நேர்கோட்டு முறையில் 15 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தாலோ இரு ஆண்டுகளிலும் 76,000 ரூபாய். மீட்டருக்கு முன்னதில் ஏறத்தாழ 51 காசு, பின்னதில் 1 ரூபாய் 27 காசு. மந்தமான ஆண்டில் இந்த அடக்கத்தை வைத்துத் தனியாருக்கு விலை கூறும் ஆலை, கைக்கெட்டிய வணிகத்தையும் இழக்கக்கூடும்.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பயனுறு ஆயுளை உற்பத்தி அலகுகளாலும் அளக்க இடமளிக்கிறது. வருமான வரிக்கணக்கு வேறு. அங்கே பொதுவான இயந்திரங்களுக்குக் குறைந்துசெல் மதிப்பில் 15 விழுக்காடு.

ஓடாத தறியும் துருப்பிடிக்கும். இம்முறை அதைக் காணாது. ஆகவே மதிப்பிட்ட மீட்டர்களை ஆண்டிறுதிதோறும் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். தவணை செலுத்தும் திறனை ஆராய்கையில் நாங்கள் நிகர லாபத்துடன் தேய்மானத்தையும் கூட்டியே பார்க்கிறோம். தேய்மானம் குறைந்து லாபம் உயர்ந்து தோன்றினாலும் அக்கூட்டுத்தொகை மாறுவதில்லை.