வழிபாட்டிடங்களின் கரித்தடம்: மதுரையை முன்வைத்து ஒரு நோக்கு

கூடல் என்றும் ஆலவாய் என்றும் புகழப்பெறும் மதுரை மாநகரில் வழிபாட்டிடங்களுக்குக் குறைவில்லை. நகரின் நடுவே மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில் எழுந்து நிற்கின்றது. அதற்கு அணித்தே காஜிமார் பெரிய பள்ளிவாசலும், கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயமும், வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவும் அமைந்துள்ளன. இவை சமயத்தால் வேறுபட்டவை. ஆயினும் இவற்றின் மேல் காய்வது ஒரே வெயில். இவற்றுக்கு வருவது ஒரே மின்சாரம். இவற்றின் மின்கட்டணச் சீட்டுகளைப் பெயர் மறைத்து அருகருகே வைத்தால், எது எச்சமயத்தாருடையது என்று நம்மால் கூற இயலாது. இப்பொதுமையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

கரித்தடம் என்பது யாது?

ஒரு மனிதரோ ஒரு நிறுவனமோ தம் செயல்களால் வளிமண்டலத்தில் சேர்க்கும் கரியமில வாயு முதலிய வெப்பவாயுக்களின் மொத்த அளவையே கரித்தடம் என்கின்றோம். இவ்வாயுக்கள் புவியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கின்றன. இவை மிகுதியாவதால் உலகின் சராசரி வெப்பம் உயர்கின்றது. மழையின் காலமும் அளவும் நிலைகுலைகின்றன. கோடையில் நாற்பது பாகைக்கு மேல் வெயில் காயும் மதுரைச் சமவெளிக்கு இஃது எட்டாத தொலைவில் நிகழும் செய்தியன்று.

நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகின்றது. எனவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளிப்படுகின்றது. வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ எரிவாயு உருளை ஒன்று எரிந்து தீரும்போது ஏறத்தாழ 57 கிலோ கரியமில வாயு உண்டாகின்றது. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றை உருவாக்குவதற்கு ஏறத்தாழ 30 கிலோ எனலாம். இம்மூன்று கணக்குகளை மட்டும் கைக்கொண்டாலே, எந்த வழிபாட்டிடத்தின் கரித்தடத்தையும் ஓரளவு மதிப்பிட்டு அறியலாம்.

முன்னோர் கட்டிய முறை

மின்சாரம் அறியாத காலத்தில் எழுந்த வழிபாட்டிடங்கள் இருளிலும் புழுக்கத்திலும் மூழ்கிக் கிடக்கவில்லை. திருக்கோயிலின் கல்மண்டபங்களில் நண்பகலிலும் தண்மை நிலவுவதைக் காண்கின்றோம். பருத்த கல், பகலின் வெப்பத்தை மெல்ல உள்வாங்கி, இரவில் மெல்ல வெளிவிடுகின்றது. பழைய பள்ளிவாசல்களின் திறந்த முற்றமும், ஒளூச் செய்வதற்கான ஹவுள் என்னும் நீர்த்தொட்டியும் வீசும் காற்றைக் குளிர்வித்தன. தேவாலயங்களின் உயர்ந்த கூரை, சூடேறிய காற்றை மேலேற்றி வணங்குவோரைக் காத்தது. மதுரையை அடுத்துள்ள இடைக்காட்டூரில், பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1894இல் கட்டப்பெற்ற திருஇருதய ஆலயம், பல்வகை அச்சுச் செங்கற்களால் ஆனது. வடிவம் பிரான்சினது, மண்ணோ நம் மண்.

இடைக்காலத்தில் நாம் செய்தது என்ன? காற்று வரும் சாளரங்களை அடைத்துக் குளிர்சாதனம் பொருத்தினோம். முற்றங்களைத் தகரக் கொட்டகையால் மூடினோம். கட்டாந்தரையிலும் சிமெண்டு பூசி, மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வழியை அடைத்தோம். இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஓரளவு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடைய சுண்ணாம்புச் சாந்தினை விடுத்துச் சிமெண்டைக் கொண்டோம். கரித்தடத்தின் பெரும்பகுதி பழைய கட்டடத்தினுடையதன்று. நாம் பின்னர்ச் சேர்த்தவற்றினுடையதே என்பது தெளிவு.

தெப்பக்குளம் தரும் பாடம்

இவ்வுண்மையை உணர்த்தும் தக்க சான்றாக வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் விளங்குகின்றது. 1645ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் அமைத்த இக்குளத்துக்கு வைகை நீர் கால்வாய் வழியே தானாகவே வந்து சேருமாறு வழிவகுக்கப்பட்டிருந்தது. நிலத்தின் சரிவே அதற்கு விசை. காலப்போக்கில் கால்வாய் தூர்ந்தது. ஆக்கிரமிப்புகள் வழியை அடைத்தன. தெப்பத் திருவிழாவுக்கு மின்பொறி வைத்து நீர் இறைக்க வேண்டிய நிலை உண்டாயிற்று. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழி சீர்செய்யப்பட்டபின், வைகை நீர் மீண்டும் தானாகவே குளத்தை வந்தடைந்தது. சுற்றுப்புற வீடுகளின் கிணறுகளும் இதனால் பயனடைகின்றன. புதிய பொறி எதுவும் இங்கு வாங்கப்படவில்லை. அடைபட்ட வழி திறக்கப்பட்டது, அவ்வளவே.

செய்யத்தக்கன

முதற்கண் அளத்தல் வேண்டும். ஓராண்டின் மின்கட்டணச் சீட்டுகளையும் எரிவாயுக் கணக்கையும் தொகுத்து, கோயில் அறங்காவலரோ ஜமாஅத் நிர்வாகத்தாரோ பங்குப் பேரவையினரோ ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் போதும். அளக்கப்படாத செலவு குறைக்கப்படுவதில்லை.

அடுத்து, குறைத்தல். ஐம்பது மின்விசிறிகள் உள்ள ஒரு தொழுகைக்கூடத்தை எண்ணிப் பார்ப்போம். பழைய வகை விசிறி ஒன்று 75 வாட் மின்சாரம் கொள்ளும். இன்று கிடைக்கும் சிக்கன வகைக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் இயங்குவதாகக் கொண்டால், விசிறிகளை மாற்றுவதொன்றாலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 4,100 யூனிட் மிச்சமாகும். அஃதாவது ஏறக்குறைய 2,900 கிலோ கரியமில வாயு தவிர்க்கப்படும். திருவிழாக் காலத்துச் சரவிளக்குகளை எல்.இ.டி. வகையாக மாற்றுவதும், விழா முடிந்தபின் உடனே அணைப்பதும் இவ்வகையினவே.

நீரும் மின்சாரமே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். 300 அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் நீரை மேலேற்ற அரை யூனிட்டுக்குக் குறையாமல் செலவாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த அளவில், ஒளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ் வழிச் செய்தி. குழாயைத் திறந்துவிட்டு ஒளூச் செய்யும் ஒருவர் ஐந்து லிட்டரை எளிதில் செலவிட்டுவிடுகின்றார். நாளொன்றுக்கு ஐந்நூறு முறை ஒளூச் செய்யப்படும் பள்ளிவாசலில், ஐந்து லிட்டரை ஒன்றரை லிட்டராகக் குறைத்தால் ஆண்டுக்கு ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் நீரும், 300 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் மிஞ்சும். மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. ஆயிரம் சதுர அடிக் கூரையின்மீது விழும் மழை மட்டுமே 79,000 லிட்டர் அளவினது. 2003இல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பினைத் தூர்வாரி வைத்தல் இங்கு இன்றியமையாதது.

மூன்றாவதாக, கதிரவன். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகளைப் பொருத்தலாம். அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 யூனிட் தரும். ஏறத்தாழ பத்து டன் கரியமில வாயு தவிர்க்கப்படும். கோபுரத்தையும் குவிமாடத்தையும் மறைத்து இவற்றை வைக்க வேண்டுவதில்லை. திருமண மண்டபம், பள்ளிக்கூடம், வாகனக் கொட்டகை ஆகியவற்றின் கூரைகளே போதும்.

சமையலும் கருதத்தக்கது. திருமலையில் 2002ஆம் ஆண்டிலும், ஷீரடியில் 2009ஆம் ஆண்டிலும், குழியாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கும் பெருஞ்சமையற்கூடங்கள் அமைக்கப்பெற்றன. சிறிய இடங்களுக்கு இஃது இயலாதாயினும், நோன்புக் கஞ்சியும் அன்னதானமும் ஆக்குமிடங்களில் அடுப்பைச் சுற்றி மறைப்பிடுதல், மூடியிட்டுச் சமைத்தல், அரிசி பருப்பை முன்னரே ஊறவைத்தல் ஆகியன எவர்க்கும் இயல்வனவே.

இறுதியாக, இடியாமை. உறுதியாக நிற்கும் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, ஆயிரக்கணக்கான சிமெண்டு மூட்டைகளின் கரித்தடம் ஒரே நாளில் நம் கணக்கில் ஏறிவிடுகின்றது. பழுதுபார்த்துப் பேணுவதே சிக்கனம்; வரலாற்றுக்கும் அதுவே நன்று.

உலகின் போக்கு

இச்சிந்தனை நமக்கு மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டில் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் குறித்துச் சுற்றுமடல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் காலநிலை பற்றி அறிக்கை விடுத்தனர். 2016இல் மொராக்கோ அரசு 600 பள்ளிவாசல்களில் மின்சிக்கனமும் சூரிய ஆற்றலும் கொணரும் திட்டத்தை அறிவித்தது. 2020இல் இங்கிலாந்துத் திருச்சபை, 2030ஆம் ஆண்டுக்குள் தன் நிகரக் கரித்தடத்தை இல்லாமற் செய்ய உறுதி பூண்டது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் தன் சீரமைப்புக்காக 2022இல் உலகளாவிய பசுமைக் கட்டடச் சான்று பெற்றது.

ஓர் ஐயமும் விடையும்

அனல்மின் நிலையங்கள் புகையைக் கக்கிக்கொண்டிருக்க, ஒரு பள்ளிவாசலின் விசிறியும் ஒரு கோயிலின் விளக்கும் எம்மாத்திரம் என்று சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. தனித்து நோக்கின் அளவு சிறிதுதான். வழிபட வருவோரின் வாகனப் புகை கட்டடத்தின் கரித்தடத்தையும் விஞ்சக்கூடும். ஆயின் தொழுகைக்கு நடந்து செல்லும் ஒவ்வோரடிக்கும் நன்மையுண்டு என்னும் மரபும், அழகர்கோயிலுக்கும் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்தே செல்லும் மரபும் நம்மிடையே உள்ளன. அரசாணையால் மாறாத பழக்கம், வணங்குமிடத்தில் கண்டு கற்றால் மாறும். பள்ளிவாசலில் குழாயை அளவாகத் திறக்கக் கற்ற சிறுவன், வீட்டிலும் அவ்வாறே திறப்பான்.

மேலும், வழிபாட்டிடத்தின் பணம் எவருடையது? பூ விற்பவரும் சுமை தூக்குபவரும் உண்டியலில் இட்ட காசு அது. தேவையின்றிச் சுழலும் விசிறிக்கும், பகலில் எரியும் விளக்குக்கும் அக்காசு செலவாகுமாயின், ஏழை மாணவரின் கல்விக்கும் பசித்தவரின் உணவுக்கும் உரிய பங்கு குறைகின்றது. ஆகவே கரித்தடத்தைக் குறைத்தல் அறிவியலார் மட்டும் பேசும் பொருளன்று. ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பேணும் கடமையுமாகும். வெயிலின் கொடுமை முதலில் தாக்குவதும் அவ்வெளியோரையே. இதனை உணர்ந்து, ஓராண்டுக் கணக்கை எடுத்து எழுதும் எளிய பணியிலிருந்து நம் ஊர் வழிபாட்டிடங்கள் தொடங்குமாயின், வைகைக்கரை வாழும் தலைமுறைகள் நம்மை வாழ்த்தும் என்பதில் ஐயமில்லை.