வேலி மேய்ந்ததைச் சொன்னவருக்கு மன்னிப்பு உண்டா?

சட்டத்தை மீறினால் தண்டனை உண்டு. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அரசாங்கமே சட்டத்தை மீறுகிறது. அதை வெளியே சொல்ல ஓர் ஊழியர் சட்டத்தை மீறுகிறார். அவரை என்ன செய்வது?

எட்வர்ட் ஸ்னோடனை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்றுக்காக, குத்தகை நிறுவனத்தின் வழி ஹவாயில் வேலை செய்தவர். அவர் கொடுத்த இரகசிய ஆவணங்கள் 2013 ஜூனில் பத்திரிகைகளில் வெளிவந்தன. மக்கள் யாரை, எப்போது, எவ்வளவு நேரம் தொலைபேசியில் அழைத்தார்கள் என்ற விவரங்களை அரசாங்கம் மொத்தமாகத் திரட்டியது அம்பலமானது.

2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு புதிய சட்டமும் வந்தது. தவறு திருத்தப்பட்டது, சொன்னவரோ ரஷ்யாவில் தஞ்சமடைந்து, 2022இல் அந்நாட்டுக் குடிமகனானார்.

“நாடு திரும்பி நீதிமன்றத்தில் நியாயம் கேட்கட்டுமே” என்பீர்கள். சிக்கலே அங்குதான். அவர்மீது பாய்ந்துள்ள 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தில், ‘மக்கள் நலனுக்காகச் சொன்னேன்’ என்ற வாதம் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்காது. தண்டனையை முடிவு செய்யும்போது நீதிபதி அதைக் கருதலாம், அவ்வளவுதான். ஆகவே, நோக்கத்தை முழுமையாக எடைபோடும் தராசு அதிபரின் மன்னிப்பு ஒன்றே. அதற்கு விசாரணை முடிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1974இல் அதிபர் ஃபோர்ட், வழக்கே தொடுக்கப்படாத நிக்சனை மன்னித்தார்.

மறுபக்கமும் உண்டு. ஸ்னோடன் எடுத்த ஆவணங்களில் மிகப் பெரும்பாலானவை தனிமனித அந்தரங்கத்தோடு தொடர்பற்றவை என்று நாடாளுமன்றக் குழு ஒன்று 2016இல் அறிக்கை தந்தது. வெளிநாட்டு உளவுப் பணிகளின் இரகசியமும் அவற்றோடு வெளியேறியது. எல்லாவற்றையும் மன்னித்தால், நாளை எந்த ஊழியரும் தமக்குச் சரியென்று தோன்றியதை அள்ளிக் கொடுக்கலாம்.

இடைவழி இல்லாமல் இல்லை. இராணுவ இரகசியங்களை வெளியிட்ட செல்சி மேனிங்கை அதிபர் ஒபாமா மன்னிக்கவில்லை. 35 ஆண்டுத் தண்டனையை 2017இல் குறைத்து விடுதலைக்கு வழிசெய்தார்.

என் கருத்து இதுதான்: நீதிமன்றமே தவறென்று சொன்னதை வெளிப்படுத்திய செயலுக்கு மன்னிப்பு கொடுங்கள், மற்றவற்றை விசாரியுங்கள். வேலி பயிரை மேய்வதைக் காணப்போகும் அடுத்த ஊழியர், இவருக்கு நேர்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.