பாய்ப்பலகை: ஃபின் வேகமா, ஃபாயில் வேகமா?

கடலில் ஒரு பலகைமேல் நின்று, பாயைக் கையில் பிடித்துக் காற்றின் விசையால் ஓடும் விளையாட்டை விண்ட்சர்ஃபிங் என்கிறோம். அந்தப் பலகையில் இருவகை உண்டு. ஒன்றின் அடியில் மீனின் துடுப்பைப் போன்ற ‘ஃபின்’ இருக்கும். பலகை பக்கவாட்டில் நழுவாமல் அது தடுக்கும். மற்றொன்றின் அடியில் ஒரு தண்டும், அதன் முனையில் விமான இறக்கை போன்ற ‘ஃபாயிலும்’ இருக்கும். பலகை ஓடத் தொடங்கியதும் அந்த இறக்கை அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும்.

எது வேகமானது? அது அன்றைய காற்றைப் பொறுத்தது.

இடுப்பளவு ஆற்று நீரில் நடந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை; நீர் காலைப் பிடித்து இழுக்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. பலகை நீரைவிட்டு எழும்பினால் அந்த இழுப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே, மெல்லிய காற்றில் ஃபின் பலகை ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஃபாயில் பறந்துவிடும். ஒலிம்பிக்கிலும் மாற்றம் வந்தது. 2021இல் நடந்த தோக்கியோ போட்டியில் ஃபின் பலகை; 2024 பாரிஸ் போட்டிக்கு, மார்செய் கடலில், ஃபாயில். ஃபின்னிலேயே பல ஆண்டு உழைத்தவர்கள், பாவம், நிற்பதையே புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

பலத்த காற்றில் கதை வேறு. வேகம் இரட்டித்தால் இறக்கையின் தூக்குவிசை நான்கு மடங்காகும். பலகை துள்ளிக் கவிழாதபடி ஓட்டுபவர் முன்காலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சிறிய இறக்கை மாட்டலாமே என்பீர்கள், மாட்டுகிறார்கள். ஆனாலும் 50 நாட் வேகத்தை நெருங்கும்போது இன்னொரு தொல்லை: இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, சூடேற்றாமலே நீர் ஆவிக்குமிழியாகிறது. குமிழி சூழ்ந்த இறக்கை தூக்கும் வலுவை இழக்கும். ஃபின்னுக்கும் இத்தொல்லை உண்டு; ஆனால் அது ஆளைச் சுமக்க வேண்டியதில்லை, நழுவாமல் பிடித்தால் போதும்.

2015 நவம்பரில் நமீபியாவின் லூடரிட்ஸில், வேக ஓட்டத்துக்கென்றே வெட்டிய ஒடுங்கிய கால்வாயில், பிரான்சைச் சேர்ந்த அந்துவான் அல்போ 500 மீட்டர் தூரத்தைச் சராசரி 53.27 நாட் வேகத்தில் கடந்தார். அதாவது மணிக்கு ஏறக்குறைய 98.7 கிலோமீட்டர்! அவர் காலடியில் இருந்தது ஃபின் பலகைதான். அந்தக் கால்வாயில் அலை எழும்ப இடமில்லை. கரையோ மிக அருகில். அந்த வேகத்தில் நிலைதவறினால் என்னவாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.