மறைவான கொடையும் மக்களின் அறியும் உரிமையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் விடியுமுன்னே ஜீப்புகள் வரிசையாகச் செல்லும். ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகும் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்பர். அவர்களுள் ஒருவர், தேர்தல் முடிந்த ஞாயிறன்று, ஆராதனைக்குப் பின் என்னிடம் தனியே வந்தார். "ஐயா, ஓட்டுக்குக் குடுத்த பணத்த வாங்கிட்டேன். அதுல காணிக்கை வைக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் போகவில்லை. "எங்களுக்குக் குடுக்கிறவங்களுக்கு யாரு ஐயா குடுக்கிறாங்க?" என்று மீண்டும் கேட்டார். இதற்கு என்னிடம் விடை இல்லை.

முதல் வினாவுக்கு விடை சொல்ல நாம் பயிற்சி பெற்றிருக்கிறோம். இரண்டாவது வினாவை நம் நாட்டு நீதிமன்றங்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன. அவ்வாராய்ச்சியின் போக்கைப் போதகர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. செலவுக்கு வரம்பு

1957இல், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை அளிக்க இடந்தரும் வகையில் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் தன் அமைப்பு விதியைத் திருத்தியது. அது குறித்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா, சட்டம் தடுக்கவில்லையாதலால் திருத்தத்தை அனுமதித்தார். ஆயினும், பெருநிறுவனங்களின் பணம் மக்களாட்சியை நெரித்துவிடக்கூடும் என்று எச்சரித்து, பாராளுமன்றம் இதனைக் கவனிக்க வேண்டுமென்றார். 1969இல் நிறுவனக் கொடை முற்றிலும் தடைசெய்யப்பட்டது. 1985இல் வரம்புடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இதற்கிடையே 1974 அக்டோபரில், கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. வேட்பாளரின் இசைவோடு அவருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் செலவாகவே கணக்கிடப்படும் என்பது அதன் சாரம். பணவலிமை உடையவருக்கும் இல்லாதவருக்கும் தேர்தற்களம் சமமாயிருக்க வேண்டும் என்று நீதிபதி பி. என். பகவதி அதில் விளக்கினார். ஆனால் அதே மாதத்தில் அவசரச் சட்டம் பிறந்தது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று சட்டம் திருத்தப்பட்டது. 2003இல் இவ்விலக்கு ஓரளவு சுருக்கப்பட்டது. எனினும், 2022ஆம் ஆண்டு உயர்த்தப்பட்ட வரம்பின்படி தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளர் 95 இலட்சம் ரூபாயும் சட்டமன்ற வேட்பாளர் 40 இலட்சமும் செலவிடலாம் என்றிருக்க, கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை. முன்வாசலுக்குப் பூட்டும் பின்வாசலுக்குத் திறப்புமாக இச்சட்டம் அமைந்துவிட்டது.

2. அறியும் உரிமை

செலவைத் தடுப்பது அரிதாகிவிட்ட நிலையில், நீதிமன்றம் வேறொரு வழியை நாடியது. பேச்சுரிமை அளிக்கும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவில் வாக்காளரின் அறியும் உரிமையும் அடங்கியுள்ளது என்று 2002இலும் 2003இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது முதல் வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்து, கடன், குற்ற வழக்கு ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டியதாயிற்று.

இவ்வுரிமை நம் மலையடிவாரத்திற்கும் வந்ததுண்டு. போடிநாயக்கனூர் அடங்கிய தேனி மக்களவைத் தொகுதியின் 2019ஆம் ஆண்டுத் தேர்தலை எதிர்த்து, வாக்காளர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து விவரம் உரியபடி வெளியிடப்படவில்லை என்று கண்டு, சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் அத்தேர்தலைச் செல்லாதென்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. உறுப்பினரும் பதவியில் தொடர்ந்தார். ஒருவர் குற்றமுள்ளவரா அல்லரா என்பது இங்கு நம் ஆய்வுக்குரியதன்று. எளிய வாக்காளர் ஒருவர் எழுந்து கேட்க இடமுண்டு என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

3. தேர்தல் பத்திரத் தீர்ப்பு

அறியும் உரிமைக்கு நேர்மாறாக 2017ஆம் ஆண்டு நிதிச்சட்டம் அமைந்தது. மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு ஏழரை என்றிருந்த நிறுவனக் கொடையின் வரம்பு நீக்கப்பட்டது. எக்கட்சிக்குக் கொடுத்தோம் என்று நிறுவனம் தன் கணக்கில் காட்ட வேண்டியதில்லை; பத்திரம் மூலம் பெற்றதைக் கட்சி தேர்தல் ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டியதுமில்லை. 2018 ஜனவரியில் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரையிலான பத்திரங்களைப் பாரத ஸ்டேட் வங்கி விற்றது. விற்றவற்றின் மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களே. காய் எடுக்கும் பெண் வாங்கக்கூடியது அன்று அது.

2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு ஒருமனதாக இத்திட்டத்தைச் செல்லாதென்றது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அறியாமல் வாக்காளர் சரிவர முடிவு செய்ய இயலாது. பெருங்கொடை ஆட்சியாளரின் வாசலைத் திறந்து, கைம்மாறு பெறுவதற்கு வழிசெய்யும். வரம்பற்ற நிறுவனக் கொடை சமத்துவத்திற்கு முரண் ஆகும் என்பன அதன் அடிப்படைகள்.

4. மறைவு எப்போது நன்று?

இங்கே நம்முன் இறையியல் சார்ந்த இடர்ப்பாடு ஒன்று எழுகிறது. மறைவில் கொடுப்பதே மேலானது என்று நாம் போதித்து வருகிறோம். மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஆண்டவர் கற்பிப்பதும் அதுவே. கொடையாளர் பழிவாங்கப்படாதிருக்க அவர் பெயர் மறைந்திருக்க வேண்டும் என்றுதான் ஒன்றிய அரசும் வாதிட்டது. அவ்வாறாயின் நீதிமன்றம் வெளிச்சத்தைக் கோரியது நம் போதனைக்கு மாறானதா?

அன்று. தர்மத்தில் கொடுப்பவர் வலியவர், பெறுபவர் எளியவர். அங்கே மறைவு எளியவரின் மானத்தைக் காக்கிறது. கொடுப்பவரின் பெருமையை அடக்குகிறது. கைம்மாறு கேட்கும் வழியையும் அடைக்கிறது. அரசியல் கொடையில் பெறுபவரே அதிகாரம் உடையவர். பத்திரத்தைக் கொடுத்தவர் யாரென்று கட்சி அறிந்துகொள்ளத் தடையில்லை. அறியாதவர்கள் மக்கள் மட்டுமே என்பதைத் தீர்ப்பும் சுட்டிக்காட்டியது. ஆகவே அம்மறைவு கைம்மாற்றை அடைக்கவில்லை. அதனைக் காணவொட்டாமல் மூடியது. பரிதானத்தைக் குறித்து யாத்திராகமம் 23இல் நியாயப்பிரமாணம் எச்சரிப்பது இத்தகைய மறைவையே. சிறு கொடையாளரின் அரசியல் சார்பு காக்கப்பட வேண்டும் என்பதை நீதிமன்றமும் மறுக்கவில்லை. 20,000 ரூபாய்க்கு மேற்படாத கொடைக்குப் பெயர் வெளியிட வேண்டாம் என்னும் பழைய விதி அதற்குப் போதுமென்றது.

5. வெளிப்பட்டவை

விவரங்களை அளிக்க ஜூன் 30 வரை தவணை வேண்டுமென்று வங்கி கேட்டது. மார்ச் 11இல் நீதிமன்றம் மறுத்தது. மூன்றே நாளில் பட்டியல் வெளிவந்தது. மிகுதியாகப் பெற்றது ஒன்றியத்தில் ஆண்ட பாரதிய ஜனதா கட்சி. மிகுதியாகக் கொடுத்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம்; 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தனக்குக் கிடைத்ததாகத் திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. தமிழ்நாட்டிலோ லாட்டரி 2003 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கொடுத்ததெல்லாம் கைம்மாற்றுக்கே என்று இவற்றைக் கொண்டு முடிவுகட்டலாகாது. தனி விசாரணைக் குழு வேண்டுமென்ற மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆயினும் கேட்கும் உரிமை மக்கள் கைக்கு வந்துள்ளது.

6. திருச்சபையின் பாடம்

என் ஊழியத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கு அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய சபையின் ஆலயக் கூரைக்குத் தோட்ட உரிமையாளர் ஒருவர் பெருந்தொகை அளித்தார். அவர் பெயரைக் கல்லில் பொறித்தோம். பின்னர் அவர் தோட்டத்தில் கூலித் தகராறு எழுந்தபோது நான் வாய் திறக்கவில்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒரு நாள் சபையார் ஒருவர் அக்கல்லைக் காட்டி, "இதனாலதானா ஐயா?" என்றார். பெயர் வெளிப்பட்டிருந்ததால் நான் கடன்பட்டவன் ஆகாமல் தப்பவில்லை. ஆனால் கல் இல்லாதிருந்தால் அக்கேள்வியே பிறந்திராது. வெளிப்படைத்தன்மை நம்மை நீதிமான்களாக்காது, கேள்விக்கு உட்பட்டவர்களாக்கும். தீர்ப்பின் பயனும் எல்லையும் இவ்வளவே.

ஆகையால் மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். வாக்குக்குப் பணம் கொடுத்தலும் வாங்குதலும் சட்டப்படி குற்றமே என்பதைச் சபையாருக்கு விளக்குவோம், 2017இல் ஆர். கே. நகரிலும் 2019இல் வேலூரிலும் பணப் பட்டுவாடாவினால் தேர்தலே நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். ஆனால் வாங்கிய எளியவரை மட்டும் கடிந்துவிட்டு, கோடிகளைக் கொடுத்தவரைக் குறித்து மௌனமாயிராதிருப்போம். நம் சபைத் தேர்தல்களிலும் கட்டட நிதியிலும் யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கைச் சபையார் முன் வைப்போம்.

அப்பெண்ணின் பணத்தை அன்று மறுத்தேன். கூரைக்கு வந்த பணத்தை மறுக்கவில்லை. அவர் வினாவுக்கு நான் கடன்பட்ட விடை இவ்விரண்டிற்கும் இடையிலேயே இருக்கிறது.