ஊர்க் கலவையும் மொன்றியல் பனியும்

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கி, 1990இல் போரோடு மூடப்பட்டது. பின்னர் வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் அடக்கம். ஒரு பைக்காக அலைந்தவர்கள் நாங்கள். இன்று மொன்றியலில் அது கடை கடையாகக் குவிந்து கிடக்கிறது. ஆனால் ஊரில் கலந்த மாதிரியே இங்கும் கலந்து வாசற்படி கட்டினால், சில பனிக்காலத்திலேயே மேற்பரப்பு செதிள் செதிளாக உரியத் தொடங்கிவிடும்.

காரணம் தண்ணீர். கலவை இளக வேண்டும் என்று நாம் கூடுதலாக ஊற்றும் தண்ணீர், காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களை விட்டுச் செல்கிறது. அவற்றில் புகும் ஈரம் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து கொங்கிறீற்றைப் பிளக்கிறது. வீதிக்குப் போடும் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியையும் அரிக்கிறது. 1962இல் திறந்த பழைய சம்பிளேன் பாலத்தை உப்பு அரித்ததால்தான் 2019இல் புதிய பாலம் திறக்க வேண்டி வந்தது.

கல் அடுக்கவும் பூசவும் சீமெந்தும் மணலும் போதும். படி, நடைபாதை போன்றவற்றுக்குச் சல்லியும் வேண்டும்: ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு சல்லி. முதலில் ஒரே நிறமாகும்வரை உலர்வாகப் புரட்டுங்கள். பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். இங்கத்தைய 40 கிலோ பைக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 18 லீற்றருக்கு மேல் வேண்டாம். கையுறை அவசியம், ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும்.

வெளிவேலைக்கு ‘எயர் என்ட்ரெயின்ட்’ கலவையையே கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள நுண்ணிய காற்றுக் குமிழிகள், உறையும் தண்ணீருக்கு விரிய இடம் கொடுக்கும்.

போட்டபின் ஊரில் போலவே சாக்கை நனைத்து மூடி, ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். அந்த நாட்களில் அது உறையக் கூடாது. ஆகவே கோடையிலேயே வேலையை முடியுங்கள். முதல் பனிக்காலத்தில் உப்புக்குப் பதில் மணல் தூவுங்கள்.

ஊரில் வீடு கட்டக் காசு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல். அங்கே பனி இல்லை. ஆனால் கழுவாத கடல்மணலின் உப்பும் கம்பியை அரிக்கும். பிள்ளைகளுக்கென்று கட்டும் வீடு நிலைக்க வேண்டுமென்றால், மேசனிடம் மணல் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எவ்வளவு விடுகிறார் என்று கேளுங்கள்.