இரட்டை ஓடமும் நெடும் பகலோட்டமும்

அமெரிக்காவின் கீழ்க்கரையில், ஃபுளோரிடாவிலிருந்து வடக்கே வர்ஜீனியா பீச் வரை ஏறத்தாழ 1,000 மைல் தூரத்தை, மாலைதோறும் ஏதேனும் ஒரு மணற்கரையில் ஏறித் தங்கி, மறுநாள் காலையில் மீண்டும் அலைகளைக் கடந்து புறப்பட்டு, சுமார் இரண்டு வாரங்களில் முடிக்கும் பாய்ப்படகுப் பந்தயத்துக்கு ‘வொரெல் 1000’ என்று பெயர். 1976-ஆம் ஆண்டில் மைக் வொரெல் என்பவர் தொடங்கிவைத்த இந்தப் பந்தயத்துக்கு உரிய வாகனம், அறையும் கூரையும் எஞ்சினும் இல்லாத, இருவர் மட்டுமே ஏறிச் செல்லும் சிறிய கேட்டமரான். பந்தயத்துக்கு முன்னர் ஒரு முழுப் பகல் அதைக் கரையோரமாக ஓட்டிப் பார்ப்பதன் அவசியம், அதன் அமைப்பை அறிந்தவர்களுக்கே நன்கு விளங்கும்.

மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்தினின்றும் இது வேறானது. ஒல்லியான இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, அலுமினியச் சட்டங்களால் பிணைத்து, நடுவே வலுவான துணி விரிப்பை இழுத்துக் கட்டி, முன்சட்டத்தின்மேல் பாய்மரத்தை நாட்டியிருப்பார்கள். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஹாபி ஆல்டர், 1970-ஐ ஒட்டி அறிமுகப்படுத்திய ‘ஹாபி 16’ இவ்வினத்தில் மிகவும் பிரசித்தமானது. அதன் நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர்; எடை 145 கிலோ; பாயின் பரப்போ 20 சதுர மீட்டர்.

நீரைப் பிளந்து செல்லும் பாரமான படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் அதிகரிக்க அதிகரிக்க அந்த அலையின் நீளமும் அதிகரித்து, படகின் நீளத்துக்கு ஒத்துவிட்டால், அதற்கு மேல் விரைய விரும்பும் படகு தன் அலையின் சரிவிலேயே ஏற வேண்டியதாகிறது. கத்திபோல் மெலிந்த ஓடம் சிற்றலையையே எழுப்புவதால், அதற்கு இந்தத் தடை பெரிதும் குறைகிறது. 1876-இல் நதானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கப் படகுச் சிற்பி அமைத்த ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை ஓடம் நியூயார்க்கில் பெரிய படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி ஓடியது. ஒற்றை உடற்படகுகளோடு அதற்குச் சமபந்தி தரலாகாது என்ற எதிர்ப்பும் அன்றே எழுந்தது.

வேகத்தின் ரகசியம் இது. காற்றில் கவிழாதிருப்பதன் ரகசியம் வேறு. கனமான பாய்ப்படகுகள் அடிப்பகுதியில் கட்டிய ஈயம் முதலிய பாரத்தால் நிமிர்ந்து நிற்கின்றன. கேட்டமரானுக்கோ அகலமும், ஏறியிருப்போர் உடலின் எடையுமே ஆதாரம். பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியை இடைக்கச்சில் மாட்டிக்கொண்டு, ஓடத்தின் விளிம்பில் பாதங்களை ஊன்றி, உடல் முழுவதையும் கடலின்மேல் வெளியே சாய்த்து நிற்கும் மாலுமி, பாயைத் தள்ளும் காற்றுக்கு எதிர் எடையாகிறான். ‘ஹாபி 16’ வகைப் படகுகளுக்குரிய பந்தய விதிப்படி அதில் ஏறும் இருவரின் எடை குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும். அதாவது, மனிதர்களின் பாரம் படகின் பாரத்துக்குக் கிட்டத்தட்ட நிகர். ஆகவே மனிதர் இந்த யந்திரத்தில் ஏறிச் செல்லும் பிரயாணிகள் அல்லர். அதன் உறுப்புக்களே ஆவர். படகை மட்டும் சோதித்துவிட்டு யந்திரத்தைச் சோதித்ததாகச் சொல்ல முடியாதது இதனால்தான்.

குளத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் புலப்படாத குறைகள் நெடும் பகலில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். முதல் பரீட்சை கரையிலேயே நிகழ்கிறது. பேரலைகள் அடங்கும் இடைவேளையை எதிர்நோக்கி, ஓடங்களின் அணியத்தை அலைக்கு நேராகப் பிடித்து நிறுத்தி, தருணம் வாய்த்ததும் இருவரும் தாவி ஏறி, ஆழம் வந்த பின்னரே சுக்கான்களைத் தாழ்த்த வேண்டும். படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் பாய்மரம் மணலில் மோதி வளையவும் கூடும். காலையில் சோம்பலாக இருக்கும் காற்று, வெயில் ஏறி நிலம் சுட்டதும் கடலிலிருந்து வலுத்து வீசத் தொடங்கும். வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்தை எதிர்த்து வடகாற்று வீசினாலோ, அலைகள் செங்குத்தாக எழும். அப்போது காற்றொதுக்குப் பக்கத்து அணியம் நீரில் புதைந்து படகு முன்புறமாகக் குட்டிக்கரணம் போடாதபடி, இருவரும் விரைந்து பின்னே நகர்ந்து, பாய்க்கயிற்றையும் உடனே தளர்த்த வேண்டும். இந்த இசைவு சொல்லித் தந்து வருவதன்று. பல நாழிகை சேர்ந்து ஓட்டிய அநுபவத்தில் உடம்பே கற்றுக்கொள்வது.

அன்றியும், ஓயாமல் பாய்க்கயிற்றைப் பிடித்த கைகள் எப்போது தளர்கின்றன, நனைந்த உடம்பில் காற்றுப் படப்பட வெயிலிலும் குளிர் எவ்வாறு ஏறுகிறது, குடிநீர் எவ்வளவு போதும், எந்தப் பொருளைக் கட்டாமல் விட்டால் கடல் கொண்டுபோகும் என்பவற்றையெல்லாம் அந்த ஒரு நாளே கணக்கிட்டுத் தந்துவிடும். மாலையில் கரையேறியதும் ஓடங்களின் பின்புறத்து அடைப்பான்களைத் திறந்து, உள்ளே புகுந்த நீரை வடித்துப் பார்ப்பார்கள். மிகுதியாக வடிந்தால் எங்கோ வெடிப்பு இருக்கக்கூடும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஓர் இழை அறுந்திருக்கிறதா, சுக்கானைப் பிணைக்கும் ஊசிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவி ஆராய்வார்கள்.

பந்தயத்தில் பரிசு பெறுவது வேகமே என்றாலும், அந்த வேகத்தைப் பல நாட்கள் தாங்கி நிற்பது இவ்வகை ஆராய்ச்சியே. 1,000 மைல் ஓட்டத்தின்போது நடுக்கடலில் இழை விட்டால் அங்கே பழுதுபார்க்க நேரமில்லை. பயிற்சி நாளில் விட்டால் மறுநாள் புதுக்கம்பி மாட்டலாம். குறைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் அந்த ஒரு நாளைச் செலவென்று எண்ணுபவன் பந்தயத்தின் தன்மையையே அறியாதவன்.