கடலடி தேடிய கப்பல் – 9: கண்ணில் படாத கண்டம்

சென்ற வாரம் கெர்கெலன் தீவில் நின்றோம். 1874 பிப்ரவரி தொடக்கத்தில் அங்கிருந்து புறப்பட்ட 'சேலஞ்சர்', ஹெர்ட் தீவை எட்டிப் பார்த்துவிட்டுத் தெற்கே பனிக்கடலுக்குள் நுழைந்தது. வைவில் தாம்சன் தலைமையிலான ஆய்வுக் குழு, ஓவியரையும் சேர்த்து, ஆறே பேர். மற்றபடி கப்பலில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் கடற்படைக்காரர்கள். அவர்களுக்கு அந்த மாதம் எப்படிக் கழிந்தது?

ஆழம் பார்க்கும் நாள் என்றால் வேலை காலையிலேயே தொடங்கிவிடும். பாய்களைச் சுருட்டி, நீராவியை மூட்டி, காற்றும் நீரோட்டமும் தள்ளிவிடாதபடி கப்பலை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு இரும்புக் குண்டு கட்டிய சணல் கயிறு இறங்கும். கயிற்றில் இட்டிருக்கும் அடையாளங்கள் ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பார். இடைவெளி சட்டென்று நீண்டால், குண்டு தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். குண்டு அங்கேயே கழன்றுவிடும். அடிமண்ணைக் கவ்விய குழாய் மட்டும் மேலே வரும். மார்ச் 3ஆம் தேதி பார்த்த ஆழம் 1950 பாகம், அதாவது ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர்.

அடுத்தது வலை. அடித்தரையை வாரிக்கொண்டு அது திரும்பி வருவதற்குள் பொழுதே போய்விடும். கயிற்றைச் சுற்றி இழுக்கச் சிறிய நீராவி எஞ்சின் இருந்தது. ஆனாலும் ஈரக் கயிற்றைப் பிடித்து ஒழுங்காக அடுக்குவது மனிதக் கைகள்தான், அதுவும் உறைபனிக் குளிரில். மேல்தளத்தில் கொட்டிய சேற்றைச் சல்லடையில் போட்டு அலசுவார்கள். பிடிபட்ட உயிரினங்கள் ஸ்பிரிட் ஜாடிக்குள் போகும். பிறகு தளத்தைக் கழுவியாக வேண்டும்.

பயணத்தின் தொடக்கத்தில் வலை மேலே வருகிறது என்றால் கப்பலே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நாளாக நாளாகக் கூட்டம் கரைந்தது. சாப்பாட்டு நேரத்தில் வலை வந்தால் ஆய்வாளர்களே எழுந்து போகத் தயங்கினார்கள் என்கிறார் குழுவிலிருந்த மோஸ்லி. மாலுமிகளின் அலுப்பைச் சொல்லவே வேண்டாம். பயணம் முடிவதற்குள் 60க்கும் மேற்பட்டோர் துறைமுகங்களில் இறங்கி ஓடிப்போனார்கள்.

தென்கடலில் ஓட இடமில்லை. பிப்ரவரி 16 அன்று 'சேலஞ்சர்' அண்டார்டிக் வட்டத்தைக் கடந்தது. அதைக் கடந்த முதல் நீராவிக் கப்பல் இதுதான். அமெரிக்கரான வில்க்ஸ் 1840இல் வரைபடத்தில் குறித்திருந்த 'டெர்மினேஷன் லேண்ட்' என்ற நிலத்தை அடுத்துத் தேடினார்கள். பாய்மர உச்சியில் ஆளை ஏற்றிப் பார்த்தும் பனியைத் தவிர எதுவும் தென்படவில்லை. 24ஆம் தேதி கடும் காற்றில் கப்பல் ஒரு பனிமலையிலேயே மோதி, முகப்பில் நீண்டிருந்த மரக்கம்பு முறிந்தது. நிலத்தைக் காணாமலேயே கேப்டன் நேர்ஸ் கப்பலை வடகிழக்கே, மெல்போர்ன் பக்கம் திருப்பினார்.

ஆனால் கண்டத்தின் துண்டுகள் அதற்குள் கப்பலில் ஏறியிருந்தன. அந்தக் கடலின் சேற்றில் கிரானைட், நைஸ், மணற்கல், சுண்ணாம்புக்கல் எல்லாம் கலந்திருந்தன. நடுக்கடல் எரிமலைத் தீவுகளில் பொதுவாகக் கிடைக்காத கற்கள் இவை. பெரிய நிலப்பரப்புக்கு உரியவை. பனியாறு நிலத்தைச் சுரண்டிக்கொண்டு வருகிறது; அதிலிருந்து உடைந்த பனிமலை கடலில் மிதந்து உருகும்போது, சுமந்து வந்த கல்லை அடியில் போட்டுவிடுகிறது. அப்படியானால் தெற்கே சிதறிய தீவுகள் அல்ல, ஒரு கண்டமே இருந்தாக வேண்டும். குழுவின் ஜான் மர்ரே பின்னாளில் இந்த வாதத்தை வளர்த்தெடுத்து, கண்டத்தின் உத்தேச எல்லையை வரைந்தே காட்டினார். 1893இல் லண்டன் ராயல் புவியியல் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை, அண்டார்டிகாவை நோக்கிப் புதிய பயணங்கள் கிளம்பத் தூண்டுகோலாயிற்று.

உச்சியில் நின்று பார்த்தவன் கண்ணுக்கு அகப்படாத நிலம், தளத்தில் குனிந்து சேறு அலசியவர்கள் கையில் அகப்பட்டது. அந்தக் கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

விதிவிலக்கு ஒருவர் உண்டு. கிடங்கில் உணவுப்பொருள் அளந்து கொடுத்த உதவியாளர் ஜோசப் மாட்கின், வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். கப்பல் மெல்போர்னை அடையும்போது அந்தக் கடிதங்களைப் பிரிப்போம்.

(தொடரும்)